கயிற்றின் நீளமும் காத்திருக்க வேண்டிய நொடிகளும்

வடசென்னைக் கடற்கரையின் அடிவானத்தில் இன்று முதலில் கண்ணில் படுபவை கிரேன் எனப்படும் பாரந்தூக்கிகளே. ராயபுரத்தை ஒட்டிச் சென்னைத் துறைமுகம், வடக்கே எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதற்கும் அப்பால் காட்டுப்பள்ளி. இவற்றுக்குப் பின்னால் திருவொற்றியூர், மணலி, மாதவரம் வரை பரவிக் கிடக்கும் சரக்குப் பெட்டக நிலையங்கள், இரும்புக் கிடங்குகள், தொழிற்கூடங்கள். இங்கெல்லாம் இரவும் பகலும் கனமான பொருள் ஏதேனும் ஒன்று எஃகுக் கயிற்றின் நுனியில் தொங்கிக்கொண்டே இருக்கிறது. கயிற்றின் நுனியில் தொங்கி ஆடும் கனப் பொருளுக்கு இயற்பியல் வைத்திருக்கும் பெயர் தனி ஊசல்.

மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் பயின்ற எவரும் இந்தப் பெயரை மறந்திருக்க மாட்டார்கள். நூலில் கட்டிய பித்தளைக் குண்டு, நிறுத்துக் கடிகாரம், 20 அலைவுகளை எண்ணி எழுதும் அட்டவணை. செய்முறைத் தேர்வு முடிந்ததும் ஊசலும் ஆய்வகத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால், அந்தப் பாடத்தின் முழு உருவமும் பள்ளிச் சுவருக்கு வெளியே, துறைமுகத்தின் வாசலில்தான் ஆடிக்கொண்டிருக்கிறது. அதை நம்பிப் பிழைப்போரும் அதனால் காயமுறுவோரும் அந்தப் பள்ளிக்கூடங்களில் படிக்கும் பிள்ளைகளின் தந்தையர்.

பொருளியல் கற்பித்த ஒருவன் ஊசலைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. உழைப்பின் வேகத்தை மணிக்கணக்கில் அளந்து அதற்கு விலை வைப்பது எங்கள் துறையின் வேலை. எந்த ஊக்கத்தொகையாலும், எந்த மேலாளரின் கட்டளையாலும் விரைவுபடுத்த முடியாத ஒரு கால அளவு இந்தத் துறைமுகங்களின் உழைப்புக்குள் ஒளிந்திருக்கிறது. அதைக் கணக்கில் எழுதாத நிர்வாகம், அந்தச் செலவைத் தொழிலாளியின் உடல்மேல் எழுதிவிடுகிறது.

எடையைப் பொருட்படுத்தாத ஆட்டம்

விட்டத்தில் புடவையால் கட்டிய தூளியை எண்ணிப் பாருங்கள். மூன்று மாதக் குழந்தை கிடந்தாலும், ஒன்றரை வயதுக் குழந்தை கிடந்தாலும் தூளி ஒரு முறை போய்வர ஏறத்தாழ ஒரே நேரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. சற்று வேகமாக ஆட்டினால் அது அதிக தூரம் போகிறது; ஆனால், போய்வரும் நேரம் மாறுவதில்லை. தூளியை விரைவாக ஆடச் செய்ய ஒரே வழிதான் உண்டு. முடிச்சை அவிழ்த்து உயர்த்திக் கட்டி, அதன் நீளத்தைக் குறைக்க வேண்டும்.

எடை ஏன் பொருட்டாவதில்லை? கனமான பொருளைப் பூமி அதிக விசையுடன் இழுக்கிறது. அதே அளவுக்கு, அந்தப் பொருள் தன் நிலையிலிருந்து அசைய மறுப்பதும் அதிகமாகிறது. இழுப்பும் மறுப்பும் ஒரே விகிதத்தில் உயர்வதால் ஒன்றையொன்று சரிசெய்துவிடுகின்றன. கணக்கின் முடிவில் நிறை மறைந்துபோகிறது.

வீச்சு ஏன் பொருட்டாவதில்லை? நடுநிலையிலிருந்து எவ்வளவு தொலைவு விலகுகிறதோ, அவ்வளவு வலுவாக ஊசல் மீண்டும் இழுக்கப்படுகிறது. நெடுந்தூரம் செல்ல வேண்டியது அதற்கேற்ற வேகத்தில் செல்கிறது. குறுகிய தூரம் செல்ல வேண்டியது மெதுவாகச் செல்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் திரும்பி வருகின்றன. இது சிறிய கோணங்களுக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். ஆயினும், செங்குத்துக் கோட்டிலிருந்து 30 பாகை வரை விலகி ஆடினாலும் அலைவுக் காலத்தில் ஏற்படும் மாற்றம் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவே.

எஞ்சி நிற்பவை இரண்டு: கயிற்றின் நீளமும் புவியீர்ப்பு முடுக்கமும். நீளத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தை ‘பை’ என்னும் எண்ணின் இரு மடங்கால் பெருக்கினால் அலைவுக் காலம் கிடைக்கும் என்பது பாடநூல் சூத்திரம். நம் ஊரில் இதை மனக்கணக்காகவே போட்டுவிடலாம். கயிற்றின் நீளத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, இரண்டால் பெருக்கினால் போதும். 4 மீட்டர் கயிற்றுக்கு 4 நொடி; 9 மீட்டருக்கு 6 நொடி; 16 மீட்டருக்கு 8 நொடி; 25 மீட்டருக்கு 10 நொடி. பிழை அரை விழுக்காட்டைத் தாண்டாது. நீளம் நான்கு மடங்கானால் காலம் இரு மடங்காகும் என்பதே இதன் சாரம்.

இந்த எளிய கணக்கு பலிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு பக்கம் செல்ல ஒரு நொடி, திரும்பி வர ஒரு நொடி எடுத்துக்கொள்ளும் ஊசலை ‘நொடி ஊசல்’ என்பார்கள். அதன் நீளம் ஒரு மீட்டருக்கு மிக அருகில், ஏறத்தாழ 99 சென்டிமீட்டராக அமைந்துவிடுகிறது. அந்த நீளத்தைத் துல்லியமாக அளந்து உலகுக்கு அறிவித்த நகரங்களுள் சென்னையும் ஒன்று.

சென்னை அளந்த நொடி

கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அமைத்த வானாய்வகம், நவீன வானியலில் இந்தியாவின் முன்னோடி நிறுவனங்களுள் ஒன்று. அதன் வானியலாளராக இருந்தவர் ஜான் கோல்டிங்ஹாம். இன்று நாம் ராஜாஜி மண்டபம் என்றழைக்கும் கட்டடத்தை வடிவமைத்தவரும் இவரே. 1820களின் தொடக்கத்தில் அவர் சென்னையில் நடத்திய ஊசல் சோதனைகளின் முடிவு, 1822-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியானது. சென்னையில் நொடி ஊசலின் நீளம் ஏறத்தாழ 39.03 அங்குலம் என அவர் கண்டார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் லண்டனில் ஹென்றி கேட்டர் கண்ட அளவு ஏறத்தாழ 39.14 அங்குலம்.

வேறுபாடு ஓர் அங்குலத்தின் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது; அதாவது, மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. பூமி தன்னைத்தானே சுற்றுவதாலும், நடுக்கோட்டுப் பகுதியில் சற்றுப் புடைத்திருப்பதாலும், லண்டனைவிடச் சென்னையில் ஈர்ப்பு சிறிது குறைவு. ஆகவே, லண்டனில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தை அப்படியே கப்பலில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்து ஓடவிட்டால், அது நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கும். 1672-இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே தென்னமெரிக்காவின் கயென் நகருக்குச் சென்றபோது, பாரிஸில் சரியாக ஓடிய தமது கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டார். பூமி முழு உருண்டையன்று என்னும் முடிவுக்கு வர நியூட்டனுக்கு அந்தச் செய்தி துணை நின்றது.

இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டை அக்காலக் கருவிகளால் எப்படி அளந்தார்கள்? நன்கு சீர்செய்யப்பட்ட கடிகாரம் ஒன்றின் ஊசலுக்கு முன்னால் சோதனை ஊசலை ஆடவிடுவார்கள். இரண்டின் அலைவுக் காலமும் சற்றே வேறுபடுவதால் அவை மெல்லமெல்ல விலகி, பல நிமிடங்களுக்குப் பின் மீண்டும் ஒருசேர ஆடும். அந்தச் சந்திப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிட்டால், ஓர் அலைவில் கண்ணுக்குப் புலப்படாத வேறுபாடு நூற்றுக்கணக்கான அலைவுகளில் திரண்டு வெளிப்பட்டுவிடும். கடிகாரத்தைச் சரிபார்க்க விண்மீன்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரம் பயன்பட்டது. வெப்பத்துக்கும் கணக்கு வைக்க வேண்டும். வெயிலில் 10 பாகை செல்சியஸ் கூடினால் பித்தளைத் தண்டு நீண்டு, கடிகாரம் நாளுக்கு எட்டு நொடி பின்தங்கிவிடும்.

அந்த ஆய்வகத்தின் ஊசல் கடிகாரங்கள் காட்டிய நேரமே ‘மதராஸ் நேரம்’. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. ரயில் ஓட வேண்டுமானால் நிலையங்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் ஒன்றுபட வேண்டும். பின்னர், இந்தியாவின் ரயில் பாதைகள் பலவும் மதராஸ் நேரத்தையே பின்பற்றின. கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்திய அந்த நேரம், 1906 ஜனவரி 1 அன்று இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வரும் வரை கோலோச்சியது. நாட்டின் ரயில்களுக்கு நேரம் சொன்னது சென்னையில் ஆடிய ஓர் ஊசல்.

கப்பல் தளத்தில் ஆடும் ஊசல்

நுங்கம்பாக்கத்து ஊசல் நேரத்தைத் தரும் ஊசல். துறைமுகத்தின் ஊசலோ நேரத்தைக் கேட்கும் ஊசல்.

சென்னையில் முன்பு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தொலைவில் நங்கூரமிட, மசூலா படகுகள் அலைகளைக் கடந்து சரக்கைக் கரைசேர்த்தன. 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. 1881 புயலில் சிதைந்து, மீண்டும் கட்டப்பட்டன. இந்தச் சுவர்கள் தரும் நன்மையை ஊசலின் மொழியிலும் சொல்லலாம். வங்கக் கடலில் தொலைவிலிருந்து உருண்டுவரும் பேரலைகள் பெரும்பாலும் 8 முதல் 12 நொடிக்கு ஒரு முறை எழுபவை. 16 முதல் 36 மீட்டர் வரை நீண்ட கயிற்றில் தொங்கும் சரக்கின் அலைவுக் காலமும் ஏறத்தாழ அதுவே. ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஒத்துத் தள்ளினால், சிறு கையும் அதை உயர எழச் செய்யும். அதுபோல, அலையின் தாளமும் கயிற்றின் தாளமும் பொருந்தினால் மெல்லிய அசைவும் பெரும் ஆட்டமாக வளரும். இதுவே ஒத்ததிர்வு. சுவருக்கு உட்புறம் அலை அடங்கும்போது ஊசலும் அடங்குகிறது.

1983-இல் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் தொடங்கப்பட்டது. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் செயல்படத் தொடங்கியது. மூட்டையும் பீப்பாயுமாக இருந்த சரக்கு, 20 அடி அல்லது 40 அடி நீளமுள்ள எஃகுப் பெட்டகமாக மாறியது. சுமையுடன் ஒரு பெட்டகத்தின் எடை 30 டன் வரை செல்லும்.

கப்பலிலிருந்து பெட்டகத்தை எடுக்கும் கிரேனில், உயரே ஒரு நீண்ட கையின்மேல் டிராலி முன்னும் பின்னும் ஓடும். அதோடு இயக்குபவரின் கண்ணாடி அறையும் ஓடும். கீழே கயிறுகளில் ‘ஸ்பிரெடர்’ என்னும் இரும்புச் சட்டகம் தொங்கி, பெட்டகத்தின் நான்கு மூலைகளையும் பற்றும். இறக்கும்போது அந்த நான்கு மூலைகளும் லாரியின் பூட்டுகளில் சில சென்டிமீட்டர் பிசகாமல் அமர வேண்டும்.

டிராலி நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்து சட்டென நின்றால் என்ன ஆகும்? 16 மீட்டர் கயிற்றில் தொங்கும் பெட்டகம் நிற்காது. அது இரண்டரை மீட்டர் முன்னே சென்று, திரும்பி இரண்டரை மீட்டர் பின்னே வந்து, 8 நொடிக்கு ஒரு முறை என ஆடிக்கொண்டே இருக்கும். காற்றின் தடை மிகச் சிறிது என்பதால் தானாக அடங்க நெடுநேரம் பிடிக்கும்.

அனுபவம் வாய்ந்த இயக்குநர் இந்த ஆட்டத்தை எப்படிக் கொல்கிறார் என்பது ஓர் அழகிய இயற்பியல். அவர் முழு வேகத்திலிருந்து ஒரேயடியாக நிற்பதில்லை. முதலில் டிராலியைப் பாதி வேகத்துக்குக் கொண்டுவருகிறார். பெட்டகம் தன் பழைய வேகத்தில் முன்னே ஊசலாடுகிறது. பிறகு டிராலியை நோக்கிப் பின்னே திரும்புகிறது. சரியாக அரை அலைவுக் காலம் கழிந்ததும் அது டிராலிக்கு நேர்கீழே வந்து சேர்கிறது. அந்தக் கணத்தில் டிராலி பாதி வேகத்தில் முன்னே போகிறது. பெட்டகமோ டிராலியை நோக்க அதே பாதி வேகத்தில் பின்னே வருகிறது. இரண்டையும் கூட்டிப் பார்த்தால், தரையில் நிற்பவருக்குப் பெட்டகம் அசையாமல் இருக்கிறது. அதே நொடியில் டிராலியை நிறுத்திவிட்டால், இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைதியாக நிற்கும். புறப்படும்போதும் இதே முறைதான்: பாதி வேகம், அரை அலைவுக் காலக் காத்திருப்பு, பிறகு முழு வேகம்.

இந்தக் கணக்கை எழுதத் தெரியாத இயக்குநரின் கையும் இதை அறியும். கயிற்றின் நீளம் மாறும்போதெல்லாம் தாளமும் மாறுவது இன்னொரு சிக்கல். பெட்டகம் உயரே 4 மீட்டர் கயிற்றில் இருக்கையில் காத்திருக்க வேண்டியது 2 நொடி. கப்பலின் அடித்தளத்தில் 25 மீட்டர் கயிற்றில் இருக்கையில் 5 நொடி. காற்றின் வீச்சையும் கப்பலின் அசைவையும் இதனோடு சேர்த்துப் பார்த்து, ஒரு பணிநேரம் முழுவதும் இதைச் செய்பவரின் திறமையை ‘நெம்புகோலை அசைப்பவர்’ என்று சுருக்கிவிட இயலாது. இன்று நவீன கிரேன்களில் ஆட்டத்தை அடக்கும் மின்னணுச் சாதனங்கள் வந்துள்ளன. நான்கு திசைகளிலும் சாய்த்துக் கட்டிய கயிறுகளும் ஆட்டத்தைக் குறைக்கின்றன. அந்தச் சாதனங்களுக்கும் அடிப்படை இதே தத்துவம்தான். அவையும் காத்திருந்தே ஆக வேண்டும்.

கண் அறியாத வேறுபாடு

இனி, இந்தப் பாடத்தின் கசப்பான பகுதி. எடை அலைவுக் காலத்தை மாற்றாது என்பது ஆய்வகத்தில் வியப்பூட்டும் உண்மை. பணியிடத்தில் அது ஆபத்தான உண்மை.

20 அடி வெற்றுப் பெட்டகத்தின் எடை ஏறத்தாழ 2.3 டன். நிறை சுமையுடன் அது 30 டன்னாகலாம். இரண்டையும் ஒரே நீளக் கயிற்றில் தொங்கவிட்டால் இரண்டும் ஒரே தாளத்தில், ஒரே சாந்தத்தோடு ஆடும். பார்ப்பவரின் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. ஆனால், 16 மீட்டர் கயிற்றில் ஒரு மீட்டர் விலகி நிற்கும் வெற்றுப் பெட்டகத்தைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 140 கிலோ எடைக்கு நிகரான விசை வேண்டும்; நிறைந்த பெட்டகத்துக்கோ ஏறத்தாழ 2 டன் எடைக்கு நிகரான விசை வேண்டும். வெற்றுப் பெட்டகத்தை நான்கு பேர் சேர்ந்து தள்ளிச் சரிசெய்துவிடலாம். நிறைந்த பெட்டகத்தை நாற்பது பேராலும் தடுக்க இயலாது. மனித நடையைவிட மெதுவாக நகரும் அந்தப் பெட்டகத்துக்கும் ஒரு சுவருக்கும் இடையில் சிக்கியவருக்குத் தப்பும் வழி இல்லை.

மெதுவாக அசைவது ஆபத்தற்றது என்று நம் உள்ளுணர்வு சொல்கிறது. மாட்டுவண்டியிலும் மிதிவண்டியிலும் பழகிய உள்ளுணர்வு அது. ஊசலின் முன்னால் அது நம்மை ஏமாற்றுகிறது. வெற்றுப் பெட்டகத்தில் பழகிய கை, பழக்கத்தின் வேகத்தில் நிறைந்த பெட்டகத்தை நோக்கி நீளும் நொடியில்தான் விபத்து காத்திருக்கிறது.

பெரிய முனையங்களில் தொங்கும் சுமையின் அருகே ஆட்கள் நிற்கக் கூடாது என்னும் ஒழுங்கு ஓரளவு நிலைபெற்றுவிட்டது. கவலை தருபவை, சாலையோரக் கிடங்குகளும் சிறு பட்டறைகளும் கட்டுமான இடங்களும்தான். அங்கே வேலை செய்வது ‘ஹைட்ரா’ என்று எல்லோரும் அழைக்கும் நடமாடும் கிரேன். இரும்புக் குழாய்க் கட்டையோ தகட்டுச் சுருளையோ தூக்கிக்கொண்டு அது உருண்டு செல்லும்போது, ஓர் உதவியாள் அந்தச் சுமையைக் கையால் பிடித்தபடி கூடவே நடந்து செல்வதை இந்தப் பகுதியில் எவரும் கண்டிருக்கலாம். அந்த ஹைட்ரா நடைவேகத்தில், அதாவது மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். கயிற்றின் நீளம் 4 மீட்டர். குறுக்கே யாரோ வர, ஓட்டுநர் சட்டெனப் பிரேக் போடுகிறார். சுமை ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் முன்னே வீசப்படும். போய்த் திரும்ப நடுநிலைக்கு வர அதற்கு 2 நொடி. சுமைக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த உதவியாளுக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு நொடியும் இல்லை. 5 டன் குழாய்க்கட்டு அரை மீட்டர் விலகினால்கூட அதைத் தடுக்க 600 கிலோவுக்கு மேற்பட்ட எடைக்கு நிகரான விசை வேண்டும்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அதன் 29ஆம் பிரிவில், தூக்கு இயந்திரங்கள், சங்கிலிகள், கயிறுகள் ஆகியவற்றைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் தகுதியுடையவர் சோதிக்க வேண்டும் என்றது. பாதுகாப்பான சுமையளவை இயந்திரத்தின்மேல் குறிக்க வேண்டும் என்றது. ஓடும் கிரேன், அதன் தடத்தில் வேலை செய்வோரை 6 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்றது. துறைமுகத் தொழிலாளருக்கென 1986-இல் தனிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இவற்றையெல்லாம் ஒன்றிணைத்துப் பணியிடப் பாதுகாப்புக்கான சட்டத் தொகுப்பை 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கயிறு அறுந்து விழாமல் காப்பதில் சட்டத்தின் அக்கறை தெளிவானது. ஆனால், கிரேனின் பலகையில் இருப்பது எத்தனை டன் தூக்கலாம் என்னும் எண் மட்டுமே. அறுந்து விழாத கயிற்றில் ஆடும் சுமை எத்தனை நொடியில் எவ்வளவு தொலைவு வரும் என்பதை அங்கே யாரும் எழுதி வைப்பதில்லை.

நான்கு நொடியின் பொருளியல்

துறைமுகங்களில் கையாளும் சரக்கின் அளவுக்கேற்ப ஊக்கத்தொகை தரும் முறை நெடுங்காலமாக உண்டு. கிரேனின் திறனை ஒரு மணி நேரத்தில் எத்தனை பெட்டகம் என்ற எண்ணால் அளப்பதும் உலக வழக்கம். அந்த அளவுகோலைக் குறை கூறுவது என் நோக்கமன்று. கப்பல் காத்திருக்கும் ஒவ்வொரு மணியும் செலவுதான். அந்த எண்ணுக்குள் ஊசலின் பங்கு எவ்வளவு என்பதை அறிந்து பேசுவோம் என்பதே என் வேண்டுகோள்.

உதாரணமாக ஒரு கணக்கு. மணிக்கு 30 பெட்டகம் என்றால் ஒரு பெட்டகத்துக்கு 2 நிமிடம். கயிற்றின் நீளம் 16 மீட்டர் எனக் கொண்டால், புறப்படும்போது 4 நொடியும் நிற்கும்போது 4 நொடியும் ஆட்டத்தை அடக்கத் தேவை. பெட்டகத்துடன் ஒரு பயணம், வெறும் ஸ்பிரெடருடன் திரும்பும் பயணம். வெறும் ஸ்பிரெடரும் அதே 8 நொடித் தாளத்தில்தான் ஆடும். ஆகமொத்தம் 16 நொடி. 120 நொடியில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்று மேல், கயிற்றுக்கும் பூமிக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் போய்விடுகிறது. இலக்கை 30-இலிருந்து 36-ஆக உயர்த்தி அறிவித்தால், ஒரு பெட்டகத்துக்கு 100 நொடிதான் கிடைக்கும். கயிறு தன் 16 நொடியில் ஒன்றைக்கூடக் குறைத்துக்கொள்ளாது. மீதி 84 நொடிக்குள் பொருத்துதல், சரிபார்த்தல், சைகைக்குக் காத்திருத்தல் எல்லாம் சுருங்க வேண்டும். அல்லது, ஆட்டம் அடங்கும் முன்பே பெட்டகத்தை இறக்கத் துணிய வேண்டும். பாதுகாப்பு முதலில் பலியாவது இந்த இடத்தில்தான்.

இதே வடசென்னையில் நேரம் எங்கே வீணாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். துறைமுகத்துக்குச் செல்லும் சாலைகளில் பெட்டக லாரிகள் வரிசைகட்டி மணிக்கணக்கில் காத்துக் கிடந்த காட்சி எண்ணூர், திருவொற்றியூர் மக்களுக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கமானது. சாலையில் மணிகளை இழப்பதைப் பொறுத்துக்கொள்ளும் ஓர் அமைப்பு, கிரேனடியில் நான்கு நொடி காத்திருக்கும் தொழிலாளியை மந்தமானவர் என்று கருதுவது பொருளியல் கணக்கில்கூட நியாயமன்று. வாயிலிலும் சாலையிலும் ஆவணங்களிலும் மிச்சப்படுத்த ஏராளம் உண்டு. அந்த நேரங்கள் மனிதர் ஏற்படுத்தியவை. மனிதரால் குறைக்கக் கூடியவை.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. சுமையைக் கையால் தொடாமல், அதன் நுனியில் கட்டிய நீண்ட வழிகாட்டுக் கயிற்றைப் பிடித்து, பக்கவாட்டில் விலகி நடக்கும் வழக்கத்தைச் சிறு கிடங்குகளிலும் கட்டாயமாக்கலாம். அந்தக் கயிறும் சுமையைத் திசைதிருப்பவே உதவும். ஆடும் சுமையை இழுத்து நிறுத்த அன்று. ஹைட்ராவோடு செல்லும் உதவியாளுக்கு நடைக்கு இத்தனை என்ற கூலியை விட்டு, நாளுக்கு இத்தனை என்ற கூலியைத் தரலாம். கிரேனின் பலகையில் சுமையளவுக்குக் கீழே, கயிற்றின் நீளமும் அதற்குரிய அலைவுக் காலமும் எழுதிய சிறு அட்டவணையைச் சேர்க்கலாம்.

பயிற்சியும் எளிது. ஒரு மீட்டர் நூல் இரண்டு, ஒரு கூழாங்கல், ஒரு செங்கல் போதும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஆடவிட்டு, ஒன்றுபோல் ஆடுவதைக் காட்டி, பிறகு ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தடுக்கச் சொன்னால், கண் காணாத வேறுபாட்டைக் கை அறிந்துகொள்ளும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே உழைப்போருக்கு இந்தப் பாடத்தை நடத்த மொழியும் தடையாகாது.

ராயபுரம், திருவொற்றியூர் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்கள் பித்தளைக் குண்டின் அலைவுகளை எண்ணச் சொல்லும்போது, இந்தக் கணக்கையும் ஒரு வரி சேர்த்துக் கற்பிக்கலாம். ஒப்பந்தங்களை எழுதுவோரும் இலக்குகளை வகுப்போரும் ஒரு நடைக்கான நேரத்தைக் கணக்கிடும்போது, கயிற்றின் நீளத்துக்குரிய நொடிகளை முதலில் கழித்து வைத்துவிட்டு, மீதியில் பேரம் பேசட்டும். ஆட்டம் அடங்கும் வரை காத்திருக்கும் தொழிலாளியின் நான்கு நொடி வேலைநேரத்தின் ஒரு பகுதி. அதற்கும் கூலி உண்டு என்று எழுத்தில் இருக்க வேண்டும்.